செக்கடிச் சந்து, எண் 23

அக். 11, 2010. திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, பெய்ய மட்டும் மாட்டேன் என்கிறது. 6.50 பஸ்ஸில் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை நின்றுகொண்டே பயணம். கால் வீக்கம்.

திருப்பாதிரிப்புலியூர் செ. சந்து கணக்கெடுப்பு இன்றோடு முடிந்தது. 46 வீடு. ப. 28. ம. 17. சி. 1.

நகராட்சிக் கவுன்சில் தீர்மானம் என்னவோ நல்ல தீர்மானம்தான். மழைக்கு முன்னால் பழைய வீடுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். பச்சை என்றால் கவலையில்லை, நோட்டீஸும் கிடையாது. மஞ்சள் என்றால் ரிப்பேர். கொத்தனார், எஸ்டிமேட் எல்லாம் நாமே ஏற்பாடு. சிவப்பு என்றால் உடனே காலி. மழைக்காலம் முடியும் வரை கல்யாண மண்டபத்தில் இடம். வீட்டைச் சரி செய்ததும் அதே குடித்தனக்காரரைத் திரும்ப வைப்பதாக வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும், அதற்கு ஒரு படிவம். அந்தப் படிவத்தைப் பார்த்து உதவிப் பொறியாளர், எங்கள் ஏ.இ. சார், போன வாரம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "எந்த வீட்டுக்காரன்மா இதுல கையெழுத்துப் போடுவான்?"

ஒரே சிவப்பு: 23. வீட்டுக்காரர் அடுத்த தெரு. குடித்தனம் டெய்லர் வேலு, மனைவி கலா, எட்டாவது படிக்கும் பெண். முன்பக்கம் தையல், பின்பக்கம் சமையல். முன்பக்கத்து உத்திரத்தைக் கம்பியால் தட்டினேன். நல்ல மரம் டங் என்று சொல்லும். இது பொத் என்றது. கம்பியை அழுத்தினால் ஒரு விரல் நீளம் உள்ளே போனது. மரம் என்று ஒன்று அங்கே இல்லை. கரையான் மண், அதற்கு மேலே பச்சை பெயின்ட். அவ்வளவையும் சுமந்துகொண்டு மேலே ஒரு மொட்டைமாடி. நேர் கீழே தையல் மிஷின்.

"என்னா மேடம், தட்டித் தட்டியே தள்ளிடுவீங்க போலருக்கே."

"மிஷின வேற பக்கம் போடுங்கண்ணே."

"முத்தத்து வெளிச்சம் இங்கதான் வுழுவுது. தீபாவளிக்கு மூணு வாரம் இருக்குது. ஜாக்கெட்டு மட்டும் எவ்ளோ கெடக்குது பாருங்க. நோட்டீஸ் கீட்டீஸ்னு என்னத் தூக்கிடாதீங்க, புண்ணியமாப் போவும்."

தெருமுனை வரைக்கும் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "சீக்கிரம் நோட்டீஸ் குடுங்க மேடம். பத்து வருஷமா காலி பண்ணுன்னு சொல்றேன், நவுர மாட்டேங்கறான்."

"உங்களுக்காகக் குடுக்கல சார். உத்திரத்துக்காகக் குடுக்கறேன்."

அதற்கும் சிரித்தார். எரிச்சல்.

வாங்க வேண்டியது: அளவு டேப் (பழசு அறுந்தது), குடைக்கம்பி, கணவருக்குத் தைலம், கோலப்பொடி.

நாங்கள் இருப்பதும் பழைய வீடுதான், வாடகைக்கு. சாப்பிடும்போது அவர் மேலே பார்த்தார். "ஊரான் வூட்டையெல்லாம் தட்டிப் பாக்கற. நம்ம வூட்ட எப்ப தட்டப் போற?" பயம் என்று எப்படிச் சொல்வது?

அக். 12, செவ்வாய்

லிஸ்ட் கொடுத்தாயிற்று. மஞ்சள் இரண்டு தாளில். சிவப்பு தனித்தாள், ஒரே வரி: 23 - சி. - உடனே. கிளார்க் வரிப் பதிவேட்டில் பெயர் பார்த்து எல்லா நோட்டீஸும் அடித்துவிட்டார். ஏ.இ. சார் வேர்க்கடலை தின்றுகொண்டே கையெழுத்து. "சரிபார்க்கப்பட்டது" என்ற இடத்தில் என் இனிஷியல், பதினெட்டிலும் படபடவென்று. 5.15 பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது!

வீட்டில் அவர் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தார். "ஏ மல்லி, இது டைரியா, டாக்டர் சீட்டா? ஒரு வார்த்தையாவது முழுசா எழுதறியா நீ?"

சுருக்கி எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். படிக்கச் சொல்லி யார் கேட்டது?

அக். 13, புதன்

ஆபீஸ் பியூன் அந்தோணி நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், மேடம் என்கிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

"எல்லாம் ஒட்டியாச்சு மேடம். ஒரு டீச்சரம்மா மட்டும் பசை காயறதுக்குள்ள நாற்காலி போட்டு ஒக்காந்து முழுசாப் படிச்சாங்க. படிச்சிட்டு எனக்கு மோர் குடுத்தாங்க."

யாரோ மஞ்சள் வீட்டு டீச்சர். பாவம்.

மண்டபத்தில் ஒரு ரூம் சொல்லியாயிற்று. கரண்ட் உண்டு, தண்ணீர் உண்டு. டெய்லருக்கு டியூப்லைட் போதுமா? போதும் போதும். உயிர் இருந்தால் தைத்துக்கொள்ளலாம்.

அக். 14, வியாழன்

மதியத்திலிருந்து மழை. டெய்லர் மண்டபத்துக்கு வரவே இல்லை. நோட்டீஸ் பார்த்த பிறகும் அசையாத மனுஷன். நாளைக்கு நேரில் போய் நாலு வார்த்தை கேட்டால்தான் சரிப்படும்.

தலைவலி. தைலம் அவருக்கு வாங்கினது எனக்கே ஆகிவிட்டது.

அக். 15, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

காலை 10. செ. சந்து. 23க்குள்ளிருந்து மிஷின் சத்தம். வெளிச்சுவரில் நோட்டீஸ் இல்லை. கிழித்துவிட்டார் என்று நினைத்து உள்ளே போன வேகத்திலேயே கத்தினேன். "நோட்டீஸ கிழிச்சிட்டா உத்திரம் நல்லாயிடுமா?"

"எந்த நோட்டீஸு?" காலை மிஷினிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். "எங்க வூட்ல யாரும் ஒட்டல மேடம். ஒட்ட வந்தவரு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. எங்களுக்கு இருக்குதான்னு கேட்டேன். கட்டப் பொரட்டிப் பாத்துட்டு, இல்லண்ணாரு. அன்னிக்குதான் நிம்மதியா சோறு எறங்குச்சு."

கலா உள்ளேயிருந்து சிரித்தாள். "ரொம்ப நன்றிக்கா. நீங்கதான் எழுதாம வுட்டீங்கன்னு பேசிக்கிட்டிருந்தோம்."

அவர் தலைக்கு மேலே உத்திரத்தில் ஈரம், பாய் அகலத்துக்கு.

சட்டென்று அந்தோணி சொன்ன டீச்சரம்மா ஞாபகம். வெளியே வந்து சந்தின் கடைசி வரை நடந்தேன். ஸ்டெல்லா டீச்சர் வீடு. பச்சை. தேக்கு உத்திரம், தட்டினால் கோயில் மணி. கதவில் பூட்டு. சுவரில் சிவப்பு நோட்டீஸ், பசை நன்றாகக் காய்ந்து. வாசலில் இரண்டு தகடு. மேலே நீலத்தில் 41. கீழே துருப்பிடித்து, பழைய எண் 23.

எல்லா வீட்டுக்கும் இரண்டு எண் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன் புது எண் கொடுத்தார்கள், பழைய தகட்டை யாரும் கழற்றவில்லை. நான் பார்த்தது புது எண். வரிப் பதிவேட்டில் இருப்பது பழைய எண். மஞ்சள் தாள்களில் ஒவ்வொன்றுக்கும் "பு." போட்டிருக்கிறேன். சிவப்புத் தாளில், அந்த ஒரே வரியில், வெறும் 23. ஒரு எழுத்து. ஒரு புள்ளி. கிளார்க் பழைய 23 என்று எடுத்து டீச்சர் பெயரை அடித்தார். அந்தப் பெயருக்குக் கீழே இனிஷியல் போட்டது நான். 5.15 பஸ்ஸுக்காக.

டெய்லர் வீட்டுக்குப் பழைய எண் 9.

எதிர்வீட்டு அம்மா வந்தாள். "டீச்சர் மஞ்சக்குப்பத்துல தம்பி வூட்டுக்குப் போயிட்டாங்க. அவ்ளோ சாமானையும் ஒரே நாள்ல ஏத்துனாங்க. அழுதுகிட்டேதான் போனாங்க. ஏம்மா, அவுங்க வூடு அவ்ளோ மோசமா?"

தலையாட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியவில்லை.

ஆபீஸுக்கு ஓடினேன். 12.30. நாளைக்கு ஆயுத பூஜை லீவு என்பதால் இன்றைக்கே ஆபீஸில் பூஜை. நடுக்கூடத்தில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் பதிவேடு எல்லாம் அடுக்கி, கம்ப்யூட்டருக்குச் சந்தனம், ஸ்டேப்ளருக்குக் குங்குமம். தாம்பாளத்தில் ஆபீஸ் சீல், மை பெட்டி, பேனாக்கள். ஏ.இ. சார் 11 மணிக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார், திட்டக்குடி.

"ஒரே ஒரு நோட்டீஸ் அடிக்கணும் சார்," என்றேன் கிளார்க்கிடம்.

"சாமிக்கு வெச்சாச்சு மேடம். இனிமே திங்கக்கெழமதான். எடுத்தா நல்லதில்ல. அப்படி என்னா அவசரம்?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். தப்பு நடந்துபோச்சு, என் தப்பு, ஒரு குடும்பம் அந்த உத்திரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்று. கூடத்தில் இருபது பேர். என் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கிற மாசம். "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

பொரி, கடலை, வாழைப்பழம், வெற்றிலை ஒரு கவரில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கம் கெட்டவள்.

ஏ.இ. போன்: தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆறு தடவை.

அக். 16, சனி

விடியும்போதே பெருமழை. வீட்டிலும் பூஜை. அவர் ஷிப்டுக்கு எடுத்துப்போகும் கருவிப் பெட்டி, பைக், என் கம்பி, புது டேப், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். கற்பூரம் அணையும் வரை பொறுத்தேன். பிறகு கம்பியை எடுத்தேன்.

"ஏ, பூஜையில வெச்சத எடுக்கற?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், பொரி வாங்கியது உட்பட. திட்டுவார் என்று பார்த்தேன். குடையை எடுத்து நீட்டினார். "போ. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

10.30. டெய்லர் வீடு. உத்திரத்துக்குக் கீழே ஒரு குண்டான், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மிஷினை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருக்கிறார். மிஷினுக்கும் மாலை.

"அண்ணே, இப்பவே கெளம்புங்க. இந்த வூடு செவப்பு. மண்டபத்துல ரூம் இருக்குது."

"நோட்டீஸ் எங்க?"

"திங்கக்கெழம தர்றேன்."

கத்திரியைக் கீழே வைத்தார். "காயிதம் இல்லாம வந்து வெளிய போங்கறீங்க. வூட்டுக்காரரு எவ்ளோ குடுத்தாரு மேடம்?"

அறைந்த மாதிரி இருந்தது. "ஒரு பைசா வாங்கியிருந்தா என் கை அழுவிப் போவட்டும்!" சந்து முழுக்கக் கேட்டிருக்கும். கலா ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தாள். "அப்புடிலாம் பேசாதீங்க, லீவு நாள்ல மழையில வந்துருக்காங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே சொன்னேன். "தப்பு என்னுதுண்ணே. உங்களுக்கு வர வேண்டிய நோட்டீஸ் நம்பர் மாறி டீச்சர் வூட்டுக்குப் போயிடுச்சு. நான் பாக்காம இனிஷியல் போட்டுட்டேன்."

டெய்லர் குண்டான் தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு வந்தார்.

"அப்ப இதுவும் தப்பா இருக்கலாம் இல்ல? அன்னிக்குத் தப்பு பண்ணவங்க இன்னிக்கு மட்டும் சரியாப் பண்ணிட்டீங்களா?"

கம்பியை உத்திரத்தில் குத்திக் காட்டலாமா என்று பார்த்தேன். குத்தப் பயம்.

"தீபாவளி வேல மேடம். வாயால சொல்றதக் கேட்டு நான் எழுந்தா, நாளைக்கு வூட்டுக்காரரு பூட்டு போட்டுடுவாரு. சீலு போட்ட காயிதம் கொண்டாங்க. ஒரு மணி நேரத்துல போயிடறேன்."

அந்தோணி வீடு பக்கத்தில்தான். கூப்பிட்டதும் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்தார். ஆபீஸ் வாட்ச்மேன் கதவைத் திறந்தார். சீலைக் கேட்டதும் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "மேடம், இன்னிக்கி எடுக்கவே கூடாது. நாளைக்கு மறுபூஜை போட்டாதான். நான் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தோணி செருப்பைக் கழற்றினார். "நான் எடுத்துக் குடுக்கறேன் மேடம். எங்கூட்ல வேற சாமி. உங்க சாமி என்னைக் கோவிச்சுக்காது."

அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்லி நானே எடுத்தேன். தப்பு பண்ணினது நான். சரஸ்வதி முகத்தைப் பார்க்கவில்லை.

நோட்டீஸைக் கையால் எழுதினேன். ஏ.இ. போன் நாலு தடவை. இல்லை. கையெழுத்து இடத்தில் "உதவிப் பொறியாளருக்காக" என்று எழுதி என் கையெழுத்து. அதற்கு எனக்கு உரிமை கிடையாது என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன். சீலை அழுத்தினேன். நீல மையோடு குங்குமமும் சேர்ந்து விழுந்தது.

டெய்லர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தைப் படிக்கவில்லை. குங்குமத்தை விரலால் தடவினார்.

"பூஜையில வெச்சிருந்ததா?"

"ஆமா."

"இன்னிக்கா எடுத்தீங்க?"

"ஆமாண்ணே."

கலாவைப் பார்த்தார். "ஏய், எல்லாத்தையும் கட்டு. நெசமாத்தான் சொல்றாங்க."

மூன்று மணிக்குள் லோடு ஆட்டோவில் துணிமூட்டை, அடுப்பு, பெண்ணின் புத்தகப்பை. மிஷின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டாண்டு அங்கேயே. பூட்டின சாவியைத் தானே வைத்துக்கொண்டார்.

அக். 17, ஞாயிறு

மழை. சோறு இறங்கவில்லை. சரஸ்வதி பூஜையில் சீல் திருடினவள், அதிகாரி கையெழுத்தில் கை வைத்தவள். இரண்டில் எது பெரிய பாவம்?

அந்தோணி போன். டெய்லர் மண்டபத்து மேடையில் டியூப்லைட்டுக்குக் கீழே கையால் தைக்கிறாராம். "மாப்ள பொண்ணு ஒக்கார்ற எடத்துல ஒக்காந்துருக்காரு மேடம்."

மதியம் அவர் ஷிப்ட் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி நம் வீட்டு உத்திரங்களைத் தட்டினேன். முதல் இரண்டும் டங். மூன்றாவது, சொல்லத் தெரியவில்லை. மூன்று தடவை தட்டினேன், மூன்று மாதிரி கேட்டது. இறங்கிவிட்டேன்.

அக். 18, திங்கள்

ஏ.இ. சார் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். சாத்தி என்ன, எல்லோருக்கும் கேட்டது.

"யாரைக் கேட்டும்மா கையெழுத்துப் போட்ட? நீ காண்ட்ராக்ட் ஸ்டாஃப். நாளைக்கு டெய்லர் கோர்ட்டுக்குப் போனா நான் நிக்கணுமா?"

"உத்திரம் போயிடுச்சு சார். நீங்க லைன்ல கெடைக்கல."

"நாலு நாள் மழைக்கு நிக்கற வூடு எப்படிம்மா செவப்பாவும்?"

மெமோ கையில் கொடுத்துவிட்டார். மூன்று நாளில் விளக்கம்.

11 மணிக்கு ஸ்டெல்லா டீச்சர் நோட்டீஸை மடிக்காமல் பைலில் வைத்துக் கொண்டுவந்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க தட்டிப் பார்த்தன்னிக்கு வீடு நல்லாருக்குன்னுதானேம்மா சொன்னீங்க. அப்புறம் பேப்பர் வந்துச்சு. பேப்பர்ல இருக்கறதுதான் சரியா இருக்கும்னு கெளம்பிட்டேன். என் பீரோ கண்ணாடி உடைஞ்சு போச்சு."

"மன்னிச்சுடுங்க டீச்சர். இன்னிக்கே நீங்க வீட்டுக்குத் திரும்பிடலாம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சொல்லிவிட்டு அவரோடேயே போய் மறுபடி எல்லா உத்திரத்தையும் தட்டினேன். டங், டங், டங். அடுத்த உத்திரத்துக்குப் போனதும் முந்தினது சந்தேகம். டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும்மா. அதுக்கு வலிக்கப் போவுது." சாமான் எல்லாம் சாயங்காலமே வந்து இறங்கிவிட்டது.

அக். 19, செவ்வாய்

வெயில். சுள்ளென்று. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பு. எ. 23 அப்படியே நிற்கிறது.

டெய்லர் மண்டபத்திலிருந்து நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார். "வூடு நிக்குது மேடம். ஒரு செங்கல்லு உதிரல. கஸ்டமருங்க பழைய எடத்துல போய்ப் பாத்துட்டு வேற டெய்லர்கிட்ட குடுக்கறாங்க. கையால தச்சு இந்த வேலய முடிக்க முடியுமா? நாளைக்குக் காலையில நான் திரும்பிப் போறேன்."

ஊறின சுவர் காயும்போதுதான் விடும், வெயில்தான் ஆபத்து என்று சொன்னேன். என் வாயிலேயே அது பொய் மாதிரி கேட்டது. எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பொத் என்றுதானே கேட்டது? பக்கத்தில் லாரி கீரி போச்சா?

ஏ.இ. சாரிடம் கெஞ்சினேன். நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்க்கிறாராம். "நல்லா இருந்துச்சுன்னா மெமோவுக்கு நீ பதிலே எழுத வேணாம், அப்படியே வூட்டுக்குப் போயிடலாம்." பத்து மணி வரை பொறுப்பதாக டெய்லர் ஒப்புக்கொண்டார், என் முகத்துக்காக.

போகிற வழியில் அந்த வீட்டு எதிரில் நின்றேன். வெயிலில் சுவர் வெளுத்துக்கொண்டிருந்தது. விழுந்து தொலையேன் என்று மனசுக்குள் சொன்னேன். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. வீட்டில் ஆள் இல்லை, இப்போதே விழு, என் வேலை பிழைக்கட்டும் என்று. ஒரு குடும்பம் இருந்த வீடு விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன். இதை நாளைக்குக் கிழித்துவிட வேண்டும்.

அக். 20, புதன். பஸ்ஸில்

8.05. செம்மங்குப்பம். கம்பெனி பஸ்ஸெல்லாம் திரும்புகிறது, எங்கள் பஸ் நகரவில்லை.

அந்தோணி போன் இப்போதுதான். ஒரே சத்தம், ஆள் கூச்சல்.

"மேடம், இருபத்தி மூணு வுழுந்துடுச்சு."

"எந்த இருபத்து மூணு? பழசா, புதுசா?"

கட்.

திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

புதுசுதான். புதுசாகத்தான் இருக்கும். பழசு தேக்கு. நான் தட்டினேன். ஆனால் அந்தோணி அந்த நோட்டீஸை ஒட்டினது பழைய 23இல். அவருக்கு 23 என்றால் டீச்சர் வீடு. டீச்சர் நேற்று முன்தினம் திரும்பிவிட்டார். இன்றைக்கே போகலாம் என்றது யார்? நிச்சயமா என்று கேட்டதற்கு நிச்சயமா என்றது யார்?

புதுசு என்றாலும் டெய்லர் பத்து மணிக்கு முன்னாலேயே போயிருந்தால்? ஸ்டாண்டு எடுக்க. பெண் ஏதாவது நோட்டு எடுக்க.

ஏ.இ. போன் பிஸி.

பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டில் நீட்டுகிறாள். அழுகிறேன் போலிருக்கிறது.

நேற்று விழு என்று சொன்னேன். எது என்று சொல்லவில்லை.

அதே நாள், மதியம் 1.30

புதிய எண் 23. டெய்லர் வீடு. உள்ளே யாரும் இல்லை. யாரும் இல்லை. யாரும் இல்லை.

காலை ஏழே முக்காலுக்கு முன்பக்கம் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. மிஷின் ஸ்டாண்டு இருந்த இடத்தில் இடுப்பளவு செங்கல். ஸ்டெல்லா டீச்சர் தன் வீட்டிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து போட்டு, கலாவுக்கும் பெண்ணுக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டேன். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. அந்தோணி போனில் சார்ஜ் போய்விட்டதாம். மனுஷனை அடிக்கலாம் போல இருந்தது.

டெய்லர் ஸ்டாண்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கும்பிட்டார், என்னை நோக்கி. பார்க்க முடியவில்லை எனக்கு.

10.10க்கு ஏ.இ. சார். பார்த்தார், நெற்றியைத் துடைத்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மெமோவைக் கிழிச்சுடு. நான் போன்ல சொல்லித்தான் நீ கையெழுத்துப் போட்டதா எழுதிக்கோ."

அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். செங்கல் குவியலைச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் துக்கத்தைத் தேடினேன். நேராக என்னிடம் வந்து, எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். பத்து வருஷமா என்னால முடியாதத ஒரே காயிதத்துல முடிச்சுட்டீங்க."

டெய்லர் திரும்பிப் பார்த்தார். கும்பிட்ட கை கீழே இறங்கியது. அந்தப் பார்வையை எந்த வார்த்தையிலும் எழுத முடியாது. வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று சனிக்கிழமை அவர் கேட்ட கேள்வி மறுபடி அவர் முகத்தில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தேன். எல்லோரும் சிரித்த படிவம். திரும்பக் குடிவைப்பதற்கான உறுதி.

"வூடே இல்ல, இதுல என்னாத்துக்கு மேடம்?" என்றார் வீட்டுக்காரர்.

"இங்க மறுபடி கட்டுவீங்க இல்ல சார்? பிளான் எங்ககிட்டதான வரணும்? அப்ப வேலு அண்ணன் கடையோட திரும்ப வருவாரு. அதுக்கு."

ஏ.இ. சார் கனைத்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். "போன்ல சொன்னேன்னு எழுதிக்கச் சொன்னீங்களே சார், எழுதிக்கறேன். பதிலுக்கு இதுல அதிகாரி எடத்துல நீங்க கையெழுத்துப் போடுங்க." சுற்றிலும் சந்து ஜனம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. போட்டார்.

கதவு எண் என்ற இடம் வந்ததும் எழுந்து போனேன். சுவரெல்லாம் போய் வாசல்கால் மட்டும் நிற்கிறது, இரண்டு தகடும் அதிலேயே. கிட்டே போய் வாய்விட்டுப் படித்தேன். பிறகு வந்து முழுசாக எழுதினேன். பழைய எண் ஒன்பது. புதிய எண் இருபத்து மூன்று. செக்கடிச் சந்து. திருப்பாதிரிப்புலியூர். குடித்தனக்காரர் பெயர் வேலு. எதையும் சுருக்கவில்லை.

வீட்டுக்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். மகனைக் கேட்க வேண்டுமாம். வக்கீலைக் கேட்க வேண்டுமாம். ஏ.இ. சார் போய்விட்டார். டெய்லர் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. 1.15 பஸ் போயிருக்கும். நான் டீச்சர் வீட்டு நாற்காலியில், அந்த ஆளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் கையெழுத்துப் போடும் வரை எழுந்திருக்கப் போவதில்லை.